பதில் சொன்னது யார்? மெல்போர்ன் வழக்கு ஒன்றை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருதல்

2015 ஜூலை. ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகரான மவுண்ட் வேவர்லியில் ஒரு வீட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகிறது. வந்தவர்கள் குளியலறைத் தரையில், சிறுநீருக்கு நடுவே கிடந்த ஒரு பெண்ணைக் காண்கிறார்கள். அறுபதை ஒட்டிய வயது. எடை சுமார் 40 கிலோ. உடல் வெப்பநிலை 28.5 டிகிரி செல்சியஸ். நீரிழிவு நோய்க்குச் சிகிச்சையே நடந்திருக்கவில்லை. தொற்று இரத்தத்தில் பரவி செப்சிஸ் நிலைக்குப் போயிருந்தது. கை கால்களில் அழுகல். வாயில் பற்கள் இல்லை.

இறுதியாண்டு மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் மனிதக் கடத்தல் பற்றிப் பாடம் எடுக்கும்போது இந்த நிகழ்வைத்தான் வைக்கிறேன். ஆனால் பாடத்தின் பெயரை அவர்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. பலகையில் எழுதுவது ‘குளிர்ந்த உடலோடு வந்த நீரிழிவு நோயாளி’ என்பது மட்டும்தான். ‘மனிதக் கடத்தல்’ என்று தலைப்பிட்டுவிட்டால் எல்லோரும் அதையே தேடத் தொடங்கிவிடுவார்கள், கண்டுபிடித்தும் விடுவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் யாரும் தலைப்போடு வருவதில்லை.

முதல் சுற்றில் மாணவர்கள் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். செப்சிஸ் என்றால் காய்ச்சல்தானே வர வேண்டும் என்று ஒருவர் கேட்பார். ஊட்டம் குறைந்த, வயதான உடலில் தொற்று வெப்பத்தைக் கூட்டாமல் குறைக்கவும் செய்யும், அப்படிக் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம் என்று இன்னொருவர் விளக்குவார். 28.5 டிகிரியில் இதயம் சிறு அசைவுக்கும் தாளம் தப்பக்கூடும் என்பதால் நோயாளியைப் பதமாகப் புரட்ட வேண்டும், இசிஜியில் உடல் குளிர்ந்தால் வரும் ஆஸ்போர்ன் அலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், சர்க்கரை அளவு, இரத்தக் கல்ச்சர், ஆன்டிபயாடிக், மெதுவான வெப்பமூட்டல் என்று வரிசை சரியாக வந்துவிடும். இதற்காகத்தானே ஐந்து வருடம் படிக்கிறார்கள்.

அடுத்த கேள்வியில்தான் வகுப்பு தயங்குகிறது. ‘இந்த உடல் இந்த நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?’

செப்சிஸுக்குச் சில நாட்கள் போதும். ஆனால் 40 கிலோ சில நாட்களில் வருவதில்லை. சிகிச்சை காணாத நீரிழிவு பல வருடக் கதை. சிறுநீர்ப் பாதைத் தொற்று முற்றி இரத்தத்துக்குப் போகும்வரை, விரல்கள் கறுக்கும்வரை, ஒரு மனிதர் வலிக்கிறது என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது சொல்லியும் யாரும் அழைத்துப்போகாமல் இருந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் என ஐந்து பேர் உடனிருந்தார்கள். வீடு இருந்த இடமோ, நல்ல மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லாத ஒரு பெருநகரம்.

மாணவர்கள் காரணங்களை அடுக்குவார்கள். பணமில்லை. காப்பீடு இல்லை. ஆஸ்பத்திரி என்றால் பயம். நாட்டு மருந்தை நம்பியவர். மனநலக் குறைவு. பிள்ளைகள் கைவிட்ட முதியவர். இவற்றில் எதையும் நான் தள்ளுவதில்லை. ஒவ்வொன்றும் நம் வார்டிலேயே பார்க்கக் கிடைப்பதுதான். இன்ன நோயாக இருக்கலாம் என்று நான்கைந்தை எழுதி ஒவ்வொன்றாகக் கழிப்பதைப் போல இவற்றையும் கழித்துக்கொண்டு வர வேண்டும். அப்படிக் கழிக்க ஒருவரிடம் கேட்டாக வேண்டும். யாரிடம்?

கேஸ் ஷீட்டின் முதல் வரிகள்

நம் மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியின் வரலாறு எழுதும்போது பெயர், வயது, தொழில், முகவரி முடிந்ததும் ஒரு வரி உண்டு: தகவல் தருபவர் யார், அவருடைய நம்பகத்தன்மை எப்படி. தேர்வில் மதிப்பெண் உண்டு என்பதால் எல்லோரும் எழுதுவார்கள். எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: ‘உடன் வந்தவர், நம்பகமானது’. ஏன் நம்பகமானது என்று கேட்டால் பதில் வராது. நோயாளியின் பக்கத்தில் நிற்கிறார், பொறுப்பாகப் பேசுகிறார், நாம் அவசரத்தில் இருக்கிறோம். அவ்வளவுதான் காரணம்.

மெல்போர்ன் வழக்கு திரும்பியது இந்த வரியில்தான். அந்தப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது அவருடைய பெயரில் அல்ல. வீட்டுக்காரப் பெண்மணி கொடுத்த பொய்ப் பெயரில்.

கதையின் மறுபாதி நம் மாநிலத்தில் இருந்தது. அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர். ஊரில் இருந்த குடும்பம் அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் நலமாக இருக்கிறாரா என்று பார்க்கும்படி போலீசுக்குத் தகவல் போய், விக்டோரியா மாநிலப் போலீசார் அதே வீட்டுக்குச் சென்று விசாரித்தார்கள். 2007க்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை என்று அந்தப் பெண்மணி சொன்னார். அப்போது தேடப்பட்டவர் அதே நகரத்தில் ஒரு மருத்துவமனைப் படுக்கையில், வேறொரு பெயரில் படுத்திருந்தார்.

இந்த இடத்தில் நான் சிறிது நேரம் நிறுத்துவேன். போலீசிடம் ஒரு பெயர் இருந்தது, ஆள் இல்லை. மருத்துவமனையிடம் ஆள் இருந்தார், பெயர் இல்லை. இரு தரப்பும் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். இரண்டு இடத்திலும் தகவல் தந்தது ஒரே வாய். மாணவர்கள் யாரையாவது திட்ட ஆசைப்படுவார்கள். நினைவிழக்கும் நிலையில் ஒருவர் கொண்டுவரப்படும்போது அந்த நிமிடத்தில் கிடைத்த பெயரை எழுதாமல் வேறென்ன செய்வது என்று நான் திருப்பிக் கேட்பேன். முதல் மணி நேரத்தில் பொய்ப் பெயர் பதிவாவதில் தவறொன்றும் இல்லை. நோயாளி கண் திறந்த பிறகும் அந்தப் பெயரே நீடித்தால், யாரும் அவரிடமே கேட்கவில்லை என்று பொருள். உயிர் பிழைத்தவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். அவர் யார் என்பதும் அந்த வீட்டில் நடந்தது என்ன என்பதும் வெளியே வந்தது இந்தக் காலத்துக்குப் பிறகுதான்.

வழக்கின் மீதிப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இணையத்தில் நிறைய இருக்கிறது. 2002இலும் 2004இலும் அந்தக் குடும்பத்துக்கு வேலை செய்ய வந்து ஊர் திரும்பியவர்தான் அவர். 2007இல் மூன்றாம் முறையாகச் சுற்றுலா விசாவில் வந்தார், திரும்பவில்லை. எட்டு ஆண்டுகள் சமையல், துப்புரவு, குழந்தை வளர்ப்பு. கிடைத்த பணத்தைக் கணக்கிட்டால் நாளுக்கு மூன்றரை டாலர்கூட வரவில்லை. 2021 ஏப்ரலில் விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் ஜூரி கணவன் மனைவி இருவரையும் குற்றவாளிகள் என்று கண்டது. ஜூலையில் மனைவிக்கு 8 ஆண்டுகளும் கணவனுக்கு 6 ஆண்டுகளும் சிறைத்தண்டனை. ஒருவரை அடிமையாக வைத்திருந்தார்கள் என்பது குற்றம்.

சட்டக் கண்ணில் இது கடத்தல் வழக்கு அல்ல, அடிமை வழக்கு. வழக்கறிஞருக்கு அந்த வேறுபாடு முக்கியம். படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் மாணவர்கள் மனத்தில் இருக்கும் கடத்தல் காட்சியை உடைப்பதற்கு இந்த வழக்கைப் போல உதவும் இன்னொன்றை நான் காணவில்லை. லாரி இல்லை, பூட்டிய கொட்டகை இல்லை, சங்கிலி இல்லை. விமானத்தில், விசாவோடு, தானே விரும்பி, தெரிந்தவர் வீட்டுக்கு வந்தவர். மனிதக் கடத்தலைத் தடுப்பதற்கான 2000ஆம் ஆண்டின் ஐ.நா. பலேர்மோ நெறிமுறை ஆளைச் சேர்ப்பது, அதற்குப் பயன்படும் வழி, சுரண்டல் நோக்கம் என்று மூன்றைக் கேட்கிறது. வற்புறுத்தலோ ஏமாற்றோ பலவீனமான நிலையைப் பயன்படுத்துவதோ இருந்தால், ‘அவரே சம்மதித்துத்தானே வந்தார்’ என்பது செல்லாது என்கிறது. குழந்தை என்றால் வழி என்ன என்பதே கேள்வியில்லை. எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு 2013இல் இந்த வழியில்தான் மாற்றி எழுதப்பட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 143ஆம் பிரிவு.

‘ஏன் அவர் ஓடிப்போகவில்லை?’ ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கேள்வி வருகிறது. கேட்டவரை மற்ற மாணவர்கள் முறைப்பதும் உண்டு. கேட்கட்டும். நீதிமன்றத்திலும் கேட்பார்கள், வார்டில் செவிலியரும் கேட்பார், நோயாளியின் சொந்தக்காரர்களே கேட்பார்கள். வகுப்பில் கேட்டுத் தீர்த்துக்கொள்வது நல்லது. எங்கே ஓடுவது? தெருவில் பேசுகிறவர்களின் மொழி தெரியாது. விசா காலாவதியாகிப் பல ஆண்டுகள். போலீசைக் கண்டால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. விசா இல்லாதவருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. போதாக்குறைக்கு நோயும் சேர்ந்துகொண்டால் வாசல் திறந்தே இருந்தாலும் பயனில்லை.

மொழி தெரிந்தவர்கள்

இந்த வழக்கில் ஒரு கசப்பான விஷயம் உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த அந்தப் பெண்ணுக்கு அந்த நகரத்தில் தமிழ் பேசக் கிடைத்தவர்கள், அவரை அடிமையாக வைத்திருந்தவர்கள்தான். அவசரத்தில் ஒரு மருத்துவமனை ‘இவருக்காகப் பேச யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்டால், முன்னால் வருவதும் அவர்களே.

ஆஸ்திரேலியாவில் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் அரசு ஏற்பாடு 1973 முதல் இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. உறவினரை மொழிபெயர்ப்பாளராக வைக்காதே என்பது அங்கே மருத்துவமனைகளின் பொது விதி. ஆனாலும் சிறிய சமூகங்களில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. அழைக்கப்படுகிற தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதே கோயிலுக்குப் போகிறவராக, அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவராக இருக்கலாம். அதனால் வேறு ஊரில் இருப்பவரைத் தொலைபேசியில் பிடிப்பது நல்லது. நோயாளியின் பெயரை அவரிடம் சொல்லத் தேவையில்லை. ‘இவர் மூலம் பேசுவதில் உங்களுக்குச் சம்மதமா’ என்பதை நோயாளியிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொல்லக் கூடாது, நியாயம் சொல்லக் கூடாது. நோயாளி நீளமாகப் பேசி அவர் ‘இல்லை என்கிறார்’ என்று முடித்தால், மறுபடி கேட்க வேண்டும்.

ஆனால் நோயாளியைத் தனியாகப் பார்த்தால்தானே இதெல்லாம்? வகுப்பில் பாதி நேரத்தை இதற்கே செலவிடுகிறேன். ஒரு மாணவி நோயாளியாகப் படுத்துக்கொள்வார். இன்னொருவர் உடன் வந்த அக்கா. அக்காவுக்கு நான் கொடுக்கும் ஒரே கட்டளை: அன்பாக இரு, ஆனால் அறையை விட்டு நகராதே. பயிற்சி மருத்துவராக நடிப்பவர் அவரை வெளியேற்ற வேண்டும்.

முதலில் வருபவர் பெரும்பாலும் ‘இவரிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள்’ என்பார். ‘எதற்கு? அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்னிடமே கேளுங்கள் டாக்டர்’ என்று அக்கா இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொள்வார். சந்தேகம் வந்துவிட்டதென்று அக்காவுக்குத் தெரிந்தும்விட்டது. அடுத்தவர் குரலை உயர்த்துவார். அது இன்னும் மோசம். கோபத்தை அக்கா இங்கே காட்ட மாட்டார், வீட்டுக்குப் போய்க் காட்டுவார். பிறகு யாராவது ஒருவருக்குத் தோன்றும்: ‘அக்கா, இசிஜி எடுக்கிறோம், மேல் துணியை எடுக்க வேண்டும், திரைக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. அதற்குள் இந்தச் சீட்டைக் கொண்டுபோய்ப் பதிவு செய்துவிட்டு வந்துவிடுங்கள்.’ அக்காவாக நடித்தவரே எழுந்து போய்விடுவார். எக்ஸ்ரே அறை, சிறுநீர் மாதிரி, எடை பார்க்கும் இடம் எல்லாம் இதற்கு உதவும். எல்லா நோயாளிகளுக்கும் சில நிமிடத் தனிச் சந்திப்பு உண்டு என்பது அந்தப் பிரிவின் வழக்கமாகவே இருந்தால் பொய்க் காரணமே வேண்டியதில்லை. அதுதான் நேர்மையான வழி. ஆனால் பயிற்சி மருத்துவர் ஒருவரால் ஒரே நாளில் வழக்கத்தை உண்டாக்க முடியாதே. ஆகவே தந்திரத்தையும் சொல்லித்தருகிறேன்.

எந்த வழியும் பலிக்கவில்லை என்றால் மல்லுக்கு நிற்காமல், நடந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதி, மறுபரிசோதனைக்கு ஒரு தேதி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய், காசநோய், கர்ப்பம் எல்லாம் திரும்பத் திரும்ப வரவைக்கும் காரணங்கள். இன்று கிடைக்காத ஐந்து நிமிடம் இரண்டு வாரம் கழித்துக் கிடைக்கலாம்.

கிடைத்த ஐந்து நிமிடத்தில் என்ன கேட்பது? ‘உங்களைக் கடத்தினார்களா?’ என்பதை நான் தடை செய்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் தன் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்த்தவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். எங்கே தூங்குகிறீர்கள்? சாப்பாடு எப்போது? ஊரில் இருப்பவர்களோடு கடைசியாக எப்போது பேசினீர்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஆதாரோ பாஸ்போர்ட்டோ யார் கையில் இருக்கிறது? உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்றைக்கு வேலை உண்டா? விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றால் என்ன சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் நோயாளி கதவைப் பார்த்தாலும் அது ஒரு பதில்தான். இவற்றைத் தொடங்கும் முன், ‘நீங்கள் சொல்வதை யாரிடம் சொல்வேன், யாரிடம் சொல்ல மாட்டேன், எதைச் சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும்’ என்பதை நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு போலீசை வரவழைத்தால், அந்த நோயாளி இனி எந்த மருத்துவரிடமும் வாய் திறக்க மாட்டார்.

அறிகுறிப் பட்டியல் மீது எனக்கிருக்கும் மனத்தாங்கல்

இந்தத் துறையில் பயிற்சி என்றாலே பெரும்பாலும் அறிகுறிப் பட்டியல்தான். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், உடன் வந்தவரே பதில் சொல்வார், கையில் அடையாள அட்டை இருக்காது, முகவரி தெளிவாகச் சொல்லத் தெரியாது, நோய் முற்றிய பிறகு வருவார். இதை எடுத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் காலை ஒன்பது மணிக்குப் போய் நில்லுங்கள். மாமியாரோடு வந்த மருமகள்களில் பாதிப் பேர் பட்டியலில் தேறிவிடுவார்கள். பட்டியலில் இருக்க வேண்டிய ஆளோ, நேராகக் கண்ணைப் பார்த்து, ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்.

பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு அது மேல். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை ஊழியர்களிடையே நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், 782 பேரில் 13 சதவீதத்தினர் கடத்தப்பட்டவர் என்று தெரிந்த அல்லது சந்தேகப்பட்ட நோயாளியைச் சந்தித்திருந்தார்கள். என்ன கேட்பது என்றே தெரியாது என்றவர்கள் ஏறத்தாழ 87 சதவீதம். அமெரிக்காவில் பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்டு மீண்ட பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், சிக்கியிருந்த காலத்திலேயே ஏதாவதொரு மருத்துவ சேவையைத் தொட்டவர்கள் 87.8 சதவீதம். அதிகம் பேர் போனது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. குறைந்த எண்ணிக்கையில், ஒரே நாட்டில் எடுத்த கணக்கு என்பதால் அந்தச் சதவீதத்தை உலகத்துக்கே பொருத்த முடியாது. ஆனால் மருத்துவர் கண்ணில் படாமல் இவர்கள் இருக்கிறார்கள் என்ற சாக்கு அதோடு போய்விட்டது.

என் குறை வேறு. பட்டியல் மாணவரைத் துப்பறிபவராக்குகிறது. கண்டுபிடித்தால் வெற்றி, நோயாளி மறுத்தால் ஏமாற்றம். மறுக்கிற நோயாளியிடம் குரல் மாறிவிடுகிறது. அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் பயன்படும் ‘பியர்’ (PEARR) என்ற முறை இந்த விஷயத்தில் எனக்குப் பிடிக்கும். தனிமை ஏற்படுத்து, முதலில் தகவலைச் சொல், பிறகு கேள், அவர் சொன்னதை மதித்து அதன்படி செய் என்பது அதன் வரிசை. கேட்பதற்கு முன்பே தகவல். ‘இந்த மாதிரி வேலை இடங்களில் சம்பளத்தைப் பிடித்துவைப்பதும் வெளியே விடாததும் நடக்கிறது, அதற்கு உதவி உண்டு, இந்த எண்ணில் பேசலாம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், நோயாளி தன் கதையைச் சொல்லாமலே உதவியை எடுத்துப்போக முடியும்.

சூளையிலிருந்து வருகிறவர்கள்

மெல்போர்ன் நமக்குத் தூரம் என்று ஒரு மாணவர் சொன்னபோது, திருவள்ளூரை எடுத்துக்கொண்டேன். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைகளுக்கு ஆட்கள் வருகிறார்கள். நுவாகாய் பண்டிகையை ஒட்டி ஊரில் முன்பணம் கொடுக்கப்படும். அந்தக் கடன் தீரும்வரை சூளை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்கள் வரும்போது உடன் வருவது மேஸ்திரி. இங்கே நம் பயிற்சி மருத்துவர்தான் மொழி தெரியாதவர். மேஸ்திரி சொல்வதுதான் வரலாறு. மேஸ்திரி கொடுப்பதுதான் பெயர். மெல்போர்ன் மருத்துவமனையைக் குறை சொன்ன அதே மாணவர்கள் இங்கே ‘உடன் வந்தவர், நம்பகமானது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பார்க்க வேண்டியவை இங்கே வேறு. ஏழாம் மாதம்வரை எங்கும் பதிவாகாத, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண் இல்லாத கர்ப்பிணி. ஒரே சூளையிலிருந்து ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகள். தீக்காயம் பட்டு மூன்று நாள் கழித்து வருபவர். மருந்துச் சீட்டை நோயாளி வாங்காமல் மேஸ்திரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றதும் நோயாளிக்கு முன் மேஸ்திரி ‘வேண்டாம்’ என்பது.

நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களின் கதை இன்னொரு வகை. மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்ற ‘சுமங்கலி’ ஏற்பாட்டைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்தில் கேள்விப்படாதவர் இல்லை. அங்கே மொழி தமிழ்தான். உடன் வருபவர் வார்டன். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையைத் தொடர வைத்ததை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் அம்பலப்படுத்தியது. ஆலை என்றாலே கடத்தல் என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளை மாத்திரை சாப்பிட்டேன் என்று ஒரு பெண் சொன்னால், யார் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம் என்கிறேன்.

இந்த இடத்தில் மருத்துவரின் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வருகிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் கிடைத்தால்தான் கடன் ரத்து நடைமுறையாகிறது, மறுவாழ்வுத் தொகைக்கும் வழி பிறக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. அதன் பிறகு ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் மூன்று லட்சம். கோட்டாட்சியர் விசாரணைக்கு வரும்போது சூளைக்காரர் ‘நன்றாகத்தான் வைத்திருந்தோம்’ என்பார். எந்தத் தேதியில் என்ன காயத்தோடு வந்தார், எத்தனை நாள் தாமதம், யார் உடன் இருந்தார், நோயாளி தன் வாயால் என்ன சொன்னார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிய நான்கு வரி அப்போது வேலை செய்யும். நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டும். ‘கொத்தடிமை’ என்று மருத்துவர் தீர்ப்பு எழுதத் தேவையில்லை. அது கோட்டாட்சியரின் வேலை. ‘நோயாளி குற்றம் சாட்டுகிறார்’ என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். அவர் சொல்கிறார், குற்றம் சாட்டவில்லை.

அனுப்பும் நாள்

பாடநூல்கள் இதில் பலவீனம். டிஸ்சார்ஜ் எழுதும் நேரத்தில் நோயாளி எங்கே போகிறார் என்பதே கேள்வி. மெல்போர்ன் பெண்ணை வந்த வீட்டுக்கே அனுப்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் உடல்நிலை அப்படி அனுப்ப இடம் கொடுக்கவில்லை. ஒரு வகையில் நோயின் கடுமைதான் அவருக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. லேசான நோயோடு வருபவருக்கு அந்த அவகாசம் இல்லை. அவருக்காக மருத்துவர் அவகாசத்தை உண்டாக்க வேண்டும்: இன்னொரு நாள் பார்வையில் வைத்திருப்பது, மறுபரிசோதனைத் தேதி, சமூகப் பணியாளரை அழைப்பது.

குழந்தை என்றால் தயக்கத்துக்கு இடமில்லை. பாலியல் வன்முறை என்று சந்தேகம் வந்தாலே போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிவித்தாக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும். வயதுவந்தவருக்கு விஷயம் வேறு. பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 ஆகிய எண்கள் இருக்கின்றன. ஆனால் எண்ணை எழுதிய காகிதம் மேஸ்திரியின் பையில் போய்ச் சேரக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டின் பின்புறம் மூன்று இலக்கத்தை மட்டும் எழுதுவதா, மனப்பாடம் செய்யச் சொல்வதா என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். இப்போது போக முடியாது, ஊரில் பிள்ளை இருக்கிறான், கடனுக்கு அண்ணன் ஜாமீன் என்று அவர் சொன்னால், அந்தக் கணக்கு நம்மைவிட அவருக்குத் தெரியும். உடல் பரிசோதனையிலும் இதே முறைதான்: ஒவ்வொரு இடத்தையும் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவது, வேண்டாம் என்றால் நிறுத்துவது, பெண் உதவியாளர் உடனிருப்பது.

செய்முறைத் தேர்வில் இதை ஒரு நிலையமாக வைத்திருக்கிறோம். பத்து மதிப்பெண். உடன் வந்தவரைச் சண்டையில்லாமல் நகர்த்த மூன்று. ரகசியத்தின் எல்லையை முன்பே சொல்ல இரண்டு. பெயரையும் தங்குமிடத்தையும் நோயாளி வாயாலேயே கேட்க இரண்டு. தகவல் தந்தவர் யார் என்று கேஸ் ஷீட்டில் சரியாக எழுத ஒன்று. நோயாளி உதவி வேண்டாம் என்றபோது அடுத்த சந்திப்புக்கு வழிவைக்க இரண்டு. ‘இது மனிதக் கடத்தல்’ என்று அறிவிப்பதற்கு மதிப்பெண் கிடையாது என்பதில் சக ஆசிரியர்கள் சிலருக்கு இன்னும் உடன்பாடில்லை. கண்டறிவதற்கு மதிப்பெண் இல்லாத தேர்வு என்ன தேர்வு என்கிறார்கள். ஒடியா பேசும் நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு மேஸ்திரியைத் தவிர யாரை வைத்துப் பேசுவது என்ற கேள்விக்கு எங்களில் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. தொலைபேசி மொழிபெயர்ப்புக்கு ஓர் அரசு ஏற்பாடு வரும்வரை, சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் படிக்கும் அல்லது வேலை செய்யும் ஒடியா, இந்தி, வங்காளம் தெரிந்தவர்களின் எண்களைப் பணி அறைச் சுவரில் ஒட்டிவைக்கும்படி பயிற்சி மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறோம். சூளையோடும் ஒப்பந்தக்காரர்களோடும் தொடர்புள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.